முக்கால் நொயேமியின் பதினொன்றரை மணி

நொயேமி கத்ரிலேயோவுக்கு ஊர் வைத்த பெயர் முக்கால். குராமாவிதா எரிமலையில் ஆறு முறை ஏறி, ஆறு முறையும் உச்சியைத் தொடாமல் திரும்பியவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ரொட்டிக் கடையில் அவள் ஒரு கிலோ கேட்டால், "முக்கால் போதாதா?" என்று கடைக்காரர் கேட்பார். பதினைந்து வருடமாக அதே வேடிக்கை. அவளும் சளைக்காமல், "மிச்சக் காலை நீயே தின்னு, அதான் இப்படி ஊதியிருக்கே" என்பாள். முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது அவள் கணவன் செர்ஜியோவுக்கு மட்டும் தெரியும்.

ஐம்பத்தெட்டு வயது. மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். இருபத்துநான்கு குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. வண்டியின் முன்தகடு சீவுகிற சத்தத்தைக் கேட்டே பனி நேற்று விழுந்ததா, போன வாரத்ததா, அடியில் இளகிக் கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் வெட்டிவிட்டுப் போகும் வழியில் இரண்டு பக்கமும் இரண்டாள் உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்கும். அதில் அந்த வருடத்தின் ஒவ்வொரு புயலும் ஒவ்வோர் அடுக்காகத் தெரியும். சில சமயம் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி, சுவரின் ஒவ்வோர் அடுக்கிலும் விரலைக் குத்திப் பார்ப்பாள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். அவள் காதில் விழாது.

அப்படிப்பட்டவள் ஏன் ஆறு முறை திரும்பினாள்? பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்கள் உண்டு. சொல்பவர்களில் பாதிப் பேர் கோழிக்கூண்டுக்கு மேல் ஏறாதவர்கள். ஒரு முறை காற்று, ஒரு முறை மூடுபனி, ஒரு முறை உடன் வந்தவனின் காலணி பிளந்தது. மற்ற மூன்று முறையும் காரணம் ஒன்றுதான்: மணி ஆகிவிட்டது.

அந்த மணிக்கு ஒரு கதை உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் மீட்புக் குழுவுக்கு வழி வெட்டிக் கொடுக்க அவளை அனுப்பினார்கள். அண்ணன் தம்பி இருவர் உச்சியைத் தொட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பிந்தி இறங்கியிருந்தார்கள். சரிவு முழுவதும் இளகி அவர்களோடு கீழே வந்துவிட்டது. அவர்கள் உடலை எடுத்துக்கொண்டு வந்த இரண்டு பலகைகளும் அவள் வண்டியை ஒட்டித்தான் போயின. ஏறத் தெரிந்தவர்கள், இறங்கத் தெரிந்தவர்கள், நேரம் மட்டும் தெரியாதவர்கள். அன்றிலிருந்து அவள் மலையை மேலிருந்து கீழாகத்தான் எண்ணுவாள்.

இந்த வருடம் அவள் முழங்காலுக்கு ஒரு தேதி குறிக்கப்பட்டது. தெமுகோ நகரத்து மருத்துவர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டி, அக்டோபர் பத்தாம் தேதி வலது காலுக்கு உலோக மூட்டு என்றார். அதற்குப் பிறகு பனிச்சறுக்கு என்ற பேச்சே கூடாது, சமதரையில் நடந்தால் போதும் என்றும் சொன்னார். எங்கள் பள்ளத்தாக்கில் சமதரை என்று இருப்பது கால்பந்து மைதானம் ஒன்றுதான். பேருந்தில் மூன்று மணி நேரம் பயணம் செய்து நொயேமி ஊர் திரும்பினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். இந்த வசந்தம் விட்டால் வேறு வசந்தம் இல்லை.

தனியாகப் போவதில்லை என்பது அவளுடைய முதல் சட்டம். கூட வர மருமகன் பிராவ்லியோ ஒத்துக்கொண்டான். சறுக்கு மைதானத்தில் ஆட்களை மேலே இழுக்கும் கம்பிவட இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவன். முப்பத்துநான்கு வயது, காட்டெருமை உடம்பு, அதற்கேற்ற பொறுமையின்மை. மூன்று வாரம் ஒவ்வொரு சாயங்காலமும் அவனைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, மாத்தே கஷாயத்தை உறிஞ்சியபடி அவள் மலையை விரித்தாள்.

அவள் கணக்கு இதுதான். ராத்திரி உறைகிற பனி விடியும்போது சிமெண்ட் மாதிரி இருக்கும். அதில் ஏறலாம், சறுக்கி இறங்கினால் முட்டி தெறிக்கும். வெயில் ஏற ஏற மேல்தோல் மட்டும் இளகி ரவை மாதிரி ஆகும். பலகைக்கு அடியில் அந்த ரவை உதிர்வதைப் போல ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. அந்த ரவை ஒரு மணி நேரம்தான். பிறகு கூழ். கூழ் நிற்காது, ஆளையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ரவை நேரத்துக்கு உச்சிப் பக்கம் இருக்க வேண்டும், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"கல்யாணத்துக்குக்கூட நாங்க இவ்வளவு யோசிக்கல, அத்தை" என்றான் பிராவ்லியோ.

"அது பார்த்தாலே தெரியுது" என்றாள் நொயேமி.

பத்தொன்பது நாள் அவள் அந்த ஜன்னலில் காவல் இருந்தாள். மலையின் வடக்குத் தோளில் பாதிரி என்று ஒரு கற்தூண் நிற்கிறது. குனிந்த தலை, அங்கி எல்லாம் அப்படியே. காலையில் பாதிரியின் நிழல் பக்கத்து ஓடையின் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கும். வெயில் உயர உயர அது சுருங்கி, பதினொன்றரை மணிக்கு ஓடையை விட்டு விலகிவிடும். வேலையில்லாத நாட்களில் அவள் காரை எடுத்துக்கொண்டு வடக்குச் சரிவின் அடிவாரம்வரை போய், அதே பதினொன்றரைக்கு ஊன்றுகோலைக் குத்திப் பார்த்தாள். ஒரு விரற்கடை இறங்கியது. அடிவாரத்தில் ஒரு விரற்கடை என்றால் உச்சியில் அப்போதுதான் மேல்தோல் இளகத் தொடங்கும். பத்தொன்பது நாளும் நோட்டில் எழுதினாள். திரும்பும் நேரம் பதினொன்றரை என்று முடிவானது. காலை ஐந்தரைக்கு மலைக்குடிலிலிருந்து புறப்பாடு, ஏற ஆறு மணி நேரம், எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பல்.

இரண்டாவது சட்டம் கொஞ்சம் விசித்திரமானது. மேலே போகிறவர் கையில் கடிகாரம் கூடாது. மணி பார்த்தால் பேரம் ஆரம்பிக்கும், இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம் என்று மனசு கூவி விற்கும். அவளுடைய கைக்கடிகாரம் எப்போதும் குடிலில் செர்ஜியோவிடம் தங்கிவிடும். அதில் இரண்டு மணி ஆகியும் அவர்கள் வரவில்லையென்றால் அவன் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். மேலே போகிறவருக்கு ஒரே ஒரு மணியோசைதான். அதைப் பிராவ்லியோவின் கைபேசியில் பதினொன்றரைக்கு வைத்து, பைக்குள் போட்டுக் கட்டியாகிவிட வேண்டும்.

"மணி அடிச்சா?" என்று கேட்டான் பிராவ்லியோ.

"திரும்பணும்."

"உச்சி பத்தடி தூரத்துல இருந்தா?"

"பத்தடி தூரத்துல திரும்பணும். முடியாதுன்னா இப்பவே சொல்லு. நான் வேற மருமகனைத் தேடிக்கறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கிழக்கே அர்ஜென்டினாவிலிருந்து வரும் வெப்பக்காற்று அடித்தால் பனி உறையாது. எல்லாத் திட்டமும் பாழ். அன்று அந்தக் காற்றின் வாடையே இல்லை. மூவரும் செர்ஜியோவின் பிக்கப்பில் பலகைகள், கயிறு, ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்த பெவென் மரக் கொட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடிலுக்குப் போனார்கள். வானொலி என்னவோ பேசிக்கொண்டே வந்தது. யாரும் கேட்கவில்லை. ராத்திரி படுக்குமுன் குடில் வாசலில் நொயேமி ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள். கைபேசியின் முதல் மணியோசையில் எழுந்ததும் வாளியைக் குத்திப் பார்த்தாள். கட்டை விரல் தடிமனுக்கு உறைந்திருந்தது. செர்ஜியோவின் குறட்டையைத் தொந்தரவு செய்யாமல் கிளம்பினார்கள்.

சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டுகிற மயிர்ப்பட்டை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அதை நம்பித்தான் ஏற்றம். கடைசி பெவென் மரம் வந்ததும் நொயேமி நின்றாள். பையிலிருந்து வறுத்த கோதுமை மாவை ஒரு பிடி எடுத்து மரத்தடியில் தூவி, தன் தாய்மொழியான மாப்புச்சேயில் மலைக்கு உடையவரிடம் பேசினாள். தான் யார், யார் மகள், கூட வந்திருப்பவன் யார், எதற்காக வந்திருக்கிறோம், எப்போது கிளம்பிவிடுவோம் என்று ஒன்று விடாமல். விருந்தாளி எப்போது போவான் என்று தெரிந்தால்தான் வீட்டுக்காரருக்கு நிம்மதி. பிராவ்லியோவுக்கு அந்த மொழி தெரியாது. இருந்தும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அந்த விஷயத்தில் அவன் தங்கம்.

அவள் கணக்குப்படி அந்த மரத்தடியில் விடிந்திருக்க வேண்டும். நட்சத்திரம் இன்னும் மேலே இருந்தது. "கால் இன்னைக்கு ஓடுது" என்றாள் சந்தோஷமாக. சூரியனை முந்திவிட்டோம் என்றே இருவரும் நினைத்தார்கள். மரத்துக்கு வெகு மேலே போன பிறகுதான் வெளிச்சம் வந்தது. முதலில் எதிரே இருந்த மலைகளின் உச்சி மட்டும் சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு மெல்ல இறங்கி அவர்கள் நின்ற சரிவுக்கு வந்தது. நொயேமிக்கு அழுகை வந்தது. ஆயிரம் விடியலை வண்டிக்குள்ளிருந்து பார்த்தவள் அவள். ஆனால் வெளிச்சம் தன் காலடிக்கு நடந்து வருவதைப் பார்த்ததில்லை.

கால் ஓடியது அதுவரைதான். சரிவு செங்குத்தானதும் முழங்காலில் ஊசி இறங்கத் தொடங்கியது. பலகைக்குப் பல்தகடு மாட்டி, இருபது எட்டுக்கு ஒரு முறை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மலை பெரிதாகிக்கொண்டே போனது. கீழிருந்து பார்க்கும்போது ஒரு கோடாகத் தெரிந்த விளிம்பு ஒரு ஊரையே வைக்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. முன்பு திரும்பிய சிவப்புப் பாறை வந்தது, போனது. மஞ்சள் பாறை வந்தது, போனது. அதற்கு மேல் அவள் வாழ்நாளில் வந்ததில்லை. தன் பூட்ஸின் சத்தம்கூட அதிகப்பிரசங்கித்தனமாக அவளுக்குப் பட்டது.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் இருக்கும். அப்போது பிராவ்லியோவின் பைக்குள் கும்பியா பாட்டு ஒன்று துள்ளலாகக் கிளம்பியது. பதினொன்றரை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். பிராவ்லியோ பாட்டை அணைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் உச்சியைப் பார்த்தான்.

"அத்தை, முக்கால் மணி நேரம். நான் வேணா உங்க பையையும் தூக்கிக்கறேன்."

"மணி அடிச்சாச்சு."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அந்த ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்லல, பிராவ்லியோ. சொல்றதுக்கு அவங்க இல்ல."

அவள் உட்கார்ந்து பலகையைக் கழற்றி, மயிர்ப்பட்டையை உரிக்க ஆரம்பித்தாள். ஏழாவது முறை. ரொட்டிக் கடைக்காரர் இனி சாகும்வரை முக்கால் என்றுதான் சொல்வார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். கண்ணீர் கன்னத்தில் உறைந்து கூசியது. எழுந்திருக்க ஊன்றுகோலைப் பனியில் குத்தினாள்.

டங் என்றது.

மறுபடி குத்தினாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குத்தினாள். பனி இன்னும் பாறையாகத்தான் இருந்தது. பதினொன்றரைக்கு மேல்தோலாவது இளகத் தொடங்க வேண்டாமா? பத்தொன்பது நாள் சொன்ன கணக்கு இன்று மட்டும் எப்படிப் பொய்க்கும்? மனசுக்குள் ஏதோ குதித்தது. அந்தக் குதிப்பைக் கண்டுதான் அவள் முதலில் பயந்தாள். ஆசைதான் சாக்கு தேடுகிறது என்று தன்னையே அதட்டினாள். பிராவ்லியோ வாயைத் திறக்க, "நீ பேசாதே" என்றாள்.

நோட்டை எடுத்தாள். பத்தொன்பது வரிகள், பத்தொன்பதிலும் ஒரே வாசகம்: பதினொன்றரை, நிழல் ஓடையை விட்டது. திரும்பிக் கீழே பார்த்தாள். பாதிரியின் நிழல் ஓடைக்குக் குறுக்கே அக்கரைவரை நீட்டிப் படுத்திருந்தது. போக அவருக்கு அவசரமே இருந்ததாகத் தெரியவில்லை.

"பிராவ்லியோ, அந்த மணி தப்பு."

"கைபேசி எப்படி அத்தை தப்பாகும்? அதுவே தானா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "நேத்து செப்டம்பர் மொத சனி."

எங்கள் அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதல் சனி நள்ளிரவில் நாட்டின் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். ஊருக்குத் திங்கட்கிழமை பேருந்தைத் தவறவிட்ட பிறகுதான் ஞாபகம் வரும். வானொலி நேற்று வழியெல்லாம் கத்தியது அதைத்தான். யாரும் காது கொடுக்கவில்லை. கைபேசி மட்டும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு, ராத்திரியே தன்னை மாற்றிக்கொண்டது. அவர்களை ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுப்பியிருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னாலேயே திரும்பச் சொல்கிறது. சூரியனுக்கு இன்னும் பத்தரைதான்.

பிராவ்லியோ சிரிக்கத் தொடங்கினான். நொயேமி சிரிக்கவில்லை. அவளுக்கு இது சிரிப்பில் முடிகிற விஷயமாக இல்லை. மணி என்றால் மணிதான், பேரமில்லை என்று பதினைந்து வருடம் சொல்லி, மூன்று முறை அதற்குக் கட்டுப்பட்டுக் கேலியும் வாங்கியாகிவிட்டது. இன்று உச்சி தெரிகிறது என்பதற்காக மணியோடு வாதாடினால் அந்த மூன்று முறையும் எதற்கு? சரியான காரணமே கிடைத்தாலும், அது தனக்குப் பிடித்த காரணமாக இருக்கும்போது ஒருத்தி எப்படி நம்புவது?

அப்போதுதான் காலையில் மரத்தடியில் தான் சொன்னது காதில் கேட்டது. தாயிடம் கற்ற அந்த மொழியில் அவளுக்கு மணிக்கணக்கு பேசி வழக்கமே இல்லை. பதினொன்றரைக்குக் கிளம்புவேன் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. பாதிரியின் நிழல் ஓடையை விட்டு விலகும்போது உன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்றுதான் மலைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாக்கு இன்னும் முறியவில்லை. மலை அவளைப் போகச் சொல்லவில்லை.

"பட்டையை ஒட்டு" என்றாள். "நிழலைப் பார்த்துக்கிட்டே வா. அது ஓடையை விட்டா, எங்க இருந்தாலும் திரும்பறோம்."

"பத்தடியில இருந்தாலும்" என்றான் பிராவ்லியோ. இந்த முறை கேலி இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் உச்சியைப் பார்க்கவேயில்லை. இருபது எட்டுக்கு ஒரு முறை திரும்பி நிழலைப் பார்த்துச் சொன்னான். அக்கரையை விட்டுவிட்டது. நடு ஓடையில் நிற்கிறது. இக்கரை விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் காலை எண்ணவில்லை, வலியை எண்ணவில்லை, அவன் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறினாள். பிறகு ஒரு எட்டு வைத்தபோது எதிரே சரிவு இல்லை. வானம் இருந்தது.

எரிமலையின் வாய் அவள் காலடியில் திறந்து கிடந்தது. நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய மௌனம். அதற்கப்பால் தெற்கு நோக்கி எரிமலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றின் தலையில் மெல்லிய புகை. கிழக்கே அர்ஜென்டினாவின் பழுப்பு நிலம் முடிவில்லாமல் கிடந்தது. அவள் இருபத்துநான்கு குளிர்காலம் உயிரைக் கொடுத்துச் சீவிய சாலை கீழே ஒரு நூலாகக்கூடத் தெரியவில்லை. இவ்வளவு பெரியதன் மடியிலா இத்தனை நாள் சமைத்தேன், துவைத்தேன், சண்டை போட்டேன் என்று நினைத்தாள். தன்னை அவ்வளவு சின்னவளாக உணர்ந்தது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையுறையைக் கழற்றி, உச்சிப் பனியில் உள்ளங்கையை வைத்தாள். பிராவ்லியோ மறுபடி தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

பிறகு ஊன்றுகோலைக் குத்திப் பார்த்தாள். அரை விரற்கடை இறங்கியது. நிழல் ஓடையின் விளிம்பில் நகக்கீறல் அளவு மிச்சம் இருந்தது.

"கிளம்பறோம்" என்றாள், அவனிடமோ மலையிடமோ.

இறங்கியது ரவையில். பலகை திரும்பும் ஒவ்வொரு வளைவுக்கும் பொடிப்பொடியாக ஒளி உதிர்ந்து அவளுக்கு முன்னால் உருண்டு ஓடியது. முழங்கால் கத்தியது, அவள் அதைக் கத்தவிட்டு அகலமாக, நிதானமாக வளைந்தாள். ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஏறியது நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. கடைசி பெவென் மரத்தடியில் நின்று ஏறிட்டுப் பார்த்தபோது, வெள்ளைச் சரிவில் அவர்கள் கோடுகள் இரண்டும் உச்சியிலிருந்தே தொடங்கின. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடில் நெருங்கியதும் பிராவ்லியோவுக்குத் திக்கென்றது. கைபேசி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. மாமனார் மீட்புக் குழுவுக்கு ஆள் அனுப்பத் தயாராகியிருப்பாரோ? செர்ஜியோ வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, மனைவியின் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அதில் மணி பன்னிரண்டரை. அதை யாரும் முன்னால் தள்ளி வைத்திருக்கவில்லை.

ஆறு முறையும் கேட்ட அதே கேள்வியை, தலையை நிமிர்த்தாமல், அவள் மனசு நோகாத மெல்லிய குரலில் அவன் கேட்டான்.

"இந்தத் தடவை எது வரைக்கும், நொயே?"

ஆறு முறையும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. சிவப்புப் பாறை. மஞ்சள் பாறை. காற்று திருப்பிய இடம். இப்போது ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டி, அவன் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"அதுக்கு மேல இடம் இல்ல, செர்ஜியோ" என்றாள்.

அவன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.